லிட்டருக்கு இருபத்து மூன்று

காரின் எஞ்சின் கம்ப்யூட்டரைத் திருத்தி எழுதினால் வண்டி நன்றாக இழுக்கும், டீசலும் குறையும் என்று டிரைவர் வந்து சொன்ன அன்றே எனக்கு நம்பிக்கை வரவில்லை. கூடுதலாக வேலை செய்கிறவன் குறைவாகச் சாப்பிடுவான் என்று யாராவது சொன்னால் நான் அவரை ஏற இறங்கப் பார்ப்பேன். ஆனால் என் சந்தேகத்தை யார் மதிப்பார்கள்? நான் டயர் விற்கிறவன். அந்த வண்டியின் முன் டயர் இரண்டும் வழுக்கையாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. புது டயருக்கென்று எடுத்து வைத்திருந்த காசைத்தான் ரீமேப் என்கிற இந்த வேலைக்குத் திருப்பப் பார்த்தார். நான் வேண்டாம் என்றால், வியாபாரம் போகிற வயிற்றெரிச்சலில் சொல்கிறான் என்பார்கள். அதில் பாதி உண்மையும் இருந்தது.

என் கடைக்கு மேல்மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். மூன்று பேர், ஒரு கார். டிரைவர், அவர் மனைவி, அவளுடைய தம்பி. டிரைவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. அதிகம் பேசாத மனிதர், ஆனால் மனதுக்குள் எதையாவது உருட்டிக்கொண்டே இருப்பார். மனைவியை நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன். எதிர்ச்சாரியில் இருந்த சீட் கவர் கடையில் தையல் வேலை அவளுக்கு. தம்பியைத் தெருவில் எல்லோரும் சின்னவன் என்றார்கள். தாய் போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அக்காதான் வளர்த்தாள். கல்யாணம் ஆகி வந்தபோது துணிப்பெட்டியோடு அவனையும் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். டிரைவர் அதற்கு முகம் சுளித்ததே இல்லை. அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

வண்டி இரண்டு ஷிப்டாக ஓடியது. காலை ஐந்திலிருந்து இரண்டு மணி வரை டிரைவர், இரண்டிலிருந்து இரவு பத்து வரை சின்னவன். மேட்டில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு நர்சுகளையும் லேப் ஆட்களையும் துப்புரவுப் பெண்களையும் ஏற்றி இறக்குகிற ஒப்பந்தம். டீசல் போடுவது டிரைவரின் வேலை. தினமும் விடியற்காலையில் டேங்க்கை நிரப்பிக்கொண்டுதான் முதல் ட்ரிப் எடுப்பார். சின்னவன் பம்ப் பக்கமே போவதில்லை.

மதியம் இரண்டு மணிக்கு என் கடை வாசலில் சாவி கைமாறும். தங்கச்சி டிபன் கேரியரோடு ரோட்டைக் கடந்து வருவாள். பழைய டயர் அடுக்கின் மேல் பலகையைப் போட்டு மூவரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சோறு, ஏதாவது ஒரு குழம்பு, ஆளுக்கொரு அவித்த முட்டை. சின்னவன் தன் முட்டையில் மஞ்சள்கருவை எடுத்து மாமா தட்டில் வைப்பான், அவர் தன் வெள்ளையை அவனுக்குத் தள்ளுவார். இத்தனை வருஷம் அப்படித்தான் நடந்தது. எனக்கும் ஒரு கரண்டி வரும். ரப்பர் வாடையும் குழம்பு வாடையும் கலந்த அந்த அரைமணி நேரம்தான் என் நாளிலேயே நல்ல நேரம்.

பிரச்சினை அந்த மேடு. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏசியும் ஓடினால் பாதி ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கும். ஏசியை அணைத்துவிட்டு இரண்டாவது கியரில் முக்கி முனகி ஏற வேண்டும். வெயில் காலத்தில் ஷிப்டுக்குப் போகிற நர்சுகள் வியர்த்து வழிந்தபடி இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் வண்டிகளைக் கவனிக்கிற சூப்பர்வைசர், இன்னொரு புகார் வந்தால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார். டிரைவருக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

ரீமேப் பேச்சு எடுத்த அன்று சின்னவன் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே, "இழுக்காத வண்டிக்கு மொதல்ல ஏர் ஃபில்டர மாத்திப் பாக்கணும் மாமா. டயர மாத்தணும். மூளைய அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தான் கற்றுக்கொடுத்த பையன் தனக்கே பாடம் எடுக்கிறானே என்பது டிரைவர் முகத்தில் தெரிந்தது. அந்த வாரமே நாள் குறித்துவிட்டார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார்.

பெயின்ட் அடிக்கிற பட்டறைக்குப் பின்னால் ஒரு ஷெட். அங்கே ஒருவன் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நகக்கண்ணில் ஒரு பொட்டுக் கறை இல்லை. வண்டி வேலை பார்க்கிறவன் கை சுத்தமாக இருந்தால் எனக்கு மூக்கு வியர்த்துவிடும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் சொருகினான். உள்ளே இருப்பதை எல்லாம் படித்து எடுத்தான். எடுத்ததை யாருக்கோ அனுப்பினான். பிறகு டீ சொல்லிவிட்டுக் காத்திருந்தான்.

"யாருக்குப்பா அனுப்பின?" என்றேன்.

"ஃபைல் எழுதறவருக்கு."

"அவரு இந்த வண்டிய எப்பப் பாப்பாரு?"

"பாக்கத் தேவையில்லண்ணே. மாடல் தெரிஞ்சா போதும்."

வைத்தியருக்கு நோயாளியைப் பார்க்க வேண்டாம், பெயர் தெரிந்தால் போதும் என்பது போல இருந்தது. டிரைவரைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த, வண்டியின் இழுவையைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கோடு கீழே, புதுக் கோடு மேலே. முக்கால் மணி நேரத்தில் புது ஃபைல் வந்தது. அதை ஏற்றுகிறபோது பேட்டரி இறங்கக் கூடாது என்று சார்ஜரை மாட்டினான். யாரும் கதவைக்கூடத் தொடாதீர்கள் என்றான். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பது போல நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

திரும்புகிற வழியில் நேரே மேட்டுக்கு விட்டார். ஏசி ஓடியது. மூன்றாவது கியரில், குறையே சொல்ல முடியாது, வண்டி விறுவிறுவென்று ஏறியது. அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். "இப்ப என்ன சொல்றீங்கண்ணே?" என்றார். முன் டயர் ஒரு வளைவில் லேசாக வழுக்கியது, அதை நான் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் இரண்டு நாள் கழித்து வந்தது. ஸ்டியரிங்குக்கு நேரே இருக்கும் சின்னத் திரையில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஓடும். எப்போதும் பதினேழு காட்டும். இப்போது இருபத்து மூன்று காட்டியது. டிரைவர் அதை போட்டோ எடுத்துத் தெருவில் எல்லோருக்கும் காட்டினார். சின்னவனுக்கு இரண்டு தடவை காட்டினார். அவனும் வீம்பு பிடிக்கவில்லை. "சரி மாமா, நான் சொன்னது தப்பு" என்று சிரித்துவிட்டான். நானும் மனதுக்குள் டயரை மறந்துவிட்டேன்.

இரண்டு வாரம் போயிற்று. ஒரு நாள் மதியம் சின்னவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனபின் டிரைவர் மாடிக்கு ஏறவில்லை. கம்ப்ரஸர் ஓடி நிற்கிற வரை காத்திருந்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முன்னெல்லாம் தினமும் காலையில் டேங்க்கை நிரப்பினால் இருபத்தொரு லிட்டர் பிடிக்குமாம். திரை சொல்கிறபடி பார்த்தால் இப்போது பதினாறு பிடித்தால் போதும். ஆனால் இன்னமும் இருபத்தொன்றுதான் பிடிக்கிறதாம். அப்படியென்றால் அந்த ஐந்து லிட்டர் எங்கே போகிறது?

"திரை தப்பா காட்டுதோ என்னவோ" என்றேன்.

"ஆறு வருஷமா சரியாக் காட்டினது இப்ப எதுக்குத் தப்பாக் காட்டப் போகுது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் வண்டிய விடறப்ப டீசல் முள்ளு ஃபுல்ல விட்டு ஒரு நூல்தான் எறங்கியிருக்கு. அவன் விடறப்ப பாதிக்கு வந்துடுது. ரெண்டு பேரும் ஓட்டறது ஒரே தூரம்."

இந்த இடத்தில் என்னைப் பற்றி நானே ஒன்று சொல்லியாக வேண்டும். டேங்க் நிறைந்திருக்கும்போது முள் அசையாது என்பது எனக்குத் தெரியும். உள்ளே மிதக்கிற மிதவை மேலே முட்டிக்கொண்டு நிற்கும். முதல் பத்து லிட்டர் போவது வெளியே தெரியவே தெரியாது, அதற்கப்புறம் மளமளவென்று இறங்கும். முப்பது வருஷமாக வண்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது தெரியாதா? ஆனால் அன்று அது என் வாயில் வரவில்லை. வாயில் வந்தது வேறு.

"முந்தாநாள் அவன் கையில ஒரு அஞ்சு லிட்டர் கேன் பாத்தேனே" என்றேன்.

சும்மா சொன்னதுதான். பேச்சு வாக்கில் வந்தது. வண்டி கழுவத் தண்ணீர் எடுத்துப் போகிற கேனாக இருக்கும் என்று அடுத்த நொடியே எனக்குத் தோன்றியது, அதையும் சொன்னேன். ஆனால் இரண்டாவதாகச் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. ஐந்து லிட்டர் குறைகிறது, ஐந்து லிட்டர் கேன் இருக்கிறது. அவர் எழுந்து போன விதமே சரியில்லை.

அன்றிலிருந்து டிரைவர் கண்கொத்திப் பாம்பாக மாறினார். டீசல் மூடியின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத செலோடேப் துண்டு ஒன்றை ஒட்டி வைத்தார். மறுநாள் காலையில் அது ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. வண்டியைக் கழுவினால் எந்த டேப்தான் ஒட்டியிருக்கும்? சின்னவன் ட்ரிப்புகளுக்கு நடுவே ஆஸ்பத்திரி வளாகத்தில் தினமும் வண்டி கழுவுவான். அதைச் சொன்னால், "தினமும் எதுக்குக் கழுவறான்?" என்கிறார். மனதில் சந்தேகம் புகுந்துவிட்டால் சுத்தமாக இருப்பதும் குற்றம்தான். ஒரு நாள் உடம்பு சரியில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வரை போய் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வந்தாராம். சின்னவன் வண்டியைக் கழுவினான், ஒரு நர்சிடம் பேசினான், தூங்கினான். "பேசினானே, அந்தப் பொண்ணு யாரு?" என்று என்னைக் கேட்டார். செலவுக்குக் காசு தேவைப்படுகிறவன்தானே டீசல் எடுப்பான் என்று அதிலிருந்து வேறு ஒரு நூலைப் பிடித்தார்.

சாப்பாட்டில் முட்டை கைமாறுவது நின்றது. சின்னவன் மஞ்சள்கருவை நீட்டினான், டிரைவர் வேண்டாம் என்று தட்டை இழுத்துக்கொண்டார். தங்கச்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் விஷயம் தெரிந்துதான் இருந்தது. ஒரே வீட்டில் எத்தனை நாள் மறைக்க முடியும்? என்ன தங்கச்சி, நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். சீட் கவருக்கு எடுத்திருந்த ரெக்சின் துண்டை மடித்துக்கொண்டே, "என் தம்பிய எனக்குத் தெரியாதாண்ணா" என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

வெடித்தது ஒரு மழை நாளில். காலையிலிருந்து விட்டு விட்டுப் பெய்தது. கடை வாசலில் தண்ணீர் தேங்கி, நான் ஸ்பேனர்களை எல்லாம் மேலே எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி தலையில் ஒரு பாலிதீன் பையைப் போட்டுக்கொண்டு கேரியரோடு ஓடி வந்தாள். டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார், சாவியை நீட்டவில்லை.

"மாப்ள, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க மாமா."

"டீசல எங்க குடுக்கற?"

சின்னவனுக்குப் புரியவில்லை. "நான் எங்க போடறேன், நீங்கதானே போடறீங்க?"

"போடறதக் கேக்கல. எடுக்கறதக் கேக்கறேன். தினம் அஞ்சு லிட்டர் போகுது. உன் ஷிப்டுலதான் போகுது."

அவன் சிரிக்கப் பார்த்தான். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? திரை சொல்லுது. முள்ளு சொல்லுது. நீ அந்த வேலைய வேணாம்னு சொன்னவன். அது சரியா நடந்துடக் கூடாதுனு உனக்கு இருந்திருக்கு."

"மாமா, உங்க வண்டில டீசல் எடுத்துத்தான் நான் சொன்னது சரின்னு காட்டணுமா? அதான் ஏத்தம் ஏறுதே. தப்புன்னு நானே ஒத்துக்கிட்டேனே."

"ஒத்துக்கிட்டதுதான் எனக்குச் சந்தேகம். எப்பவும் ஒத்துக்கறவன் இல்ல நீ."

சின்னவன் தன் அக்காவைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்வாள் என்று நானும் எதிர்பார்த்தேன். அவள் கேரியரின் கொக்கியைத் திறந்துகொண்டு, "மொதல்ல ரெண்டு பேரும் சாப்பிடுங்க, அப்புறம் பேசலாம்" என்றாள். அவன் மாடிக்குப் போய் ஒரு பையில் துணியை எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான். தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியை என் கம்ப்ரஸர் மேல் வைத்தான். குடைகூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போனான். மூன்று பங்கு சாப்பாடும் அன்று மீந்து போயிற்று.

ரொட்டி கம்பெனி ஒன்றில் வேன் ஓட்டச் சேர்ந்திருக்கிறான், அங்கேயே பின்னால் ஒரு அறையில் நாலு பேரோடு தங்கியிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. தங்கச்சி போன் செய்தால் எடுப்பான், நன்றாக இருக்கிறேன் என்பான், வைத்துவிடுவான்.

டிரைவர் இரண்டு ஷிப்டையும் தானே ஓட்டினார். கண் உள்ளே போய்விட்டது. ஒரு வாரம் கழித்து, "இப்ப டீசல் மிச்சமாகுதா?" என்று கேட்டேன். "மழையில ஏசி அதிகம் ஓடுது" என்றார். மழையில் ஏசி எதற்கு அதிகம் ஓட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து வண்டியை என் கடை வாசலில் நிறுத்தாமல் தெருக்கோடியில், ஒரு சுவர் ஓரம், டீசல் மூடி சுவரைப் பார்க்கும்படி நிறுத்த ஆரம்பித்தார். எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. முப்பது வருஷம் ஒருவரிடம் ஒரு நட்டுக்கூடக் கூடுதலாக வாங்கியதில்லை நான். என் வாயால் நான் கிளப்பிவிட்ட பூதம் என் கடைக்கே வந்து நின்றது. கோபம் வந்தது, கூடவே எனக்கு இது நன்றாக வேண்டும் என்றும் தோன்றியது.

தங்கச்சிதான் ஒரு காலையில் கடைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணா, அவரு உங்களையும் சந்தேகமா நினைக்கிறாரு."

"தெரியும்மா."

"தம்பி போய் பதினோரு நாள் ஆச்சு. டீசல் மிச்சமாச்சானு கேட்டா பேச்ச மாத்தறாரு. நான் நாளைக்கு லீவு போட்டுட்டேன். நாள் பூரா வண்டிலயே உக்காரப் போறேன். அவரு எறங்கினாலும் நான் எறங்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். பிரிக்க வேண்டிய பழைய சீட் கவர் இரண்டையும் நூல் பிரிக்கிற ஊசியையும் மடியில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் முன் சீட்டில் ஏறினாள். பம்பில் அவள் கண் முன்னால் டேங்க் நிறைந்தது. நர்சுகள் பின் சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். டிரைவர் வீட்டம்மா எதற்கு வருகிறார் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். டிரைவர் டீ குடிக்க இறங்கினார், சாப்பிட இறங்கினார், அவள் அசையவில்லை. அவள் கழிப்பறைக்குப் போனது இரண்டே முறை, அப்போதும் அவரைக் கூடவே இறக்கி, வண்டிப் பக்கத்தில் ஒரு நர்சை நிற்க வைத்துவிட்டுப் போனாளாம். கட்டின புருஷனையும் விட்டு வைக்கவில்லை. ராத்திரி கடைசி ட்ரிப்பை வேறொரு வண்டிக்குக் கொடுத்துவிட்டு நேரே பம்புக்குப் போனார்கள். பத்தொன்பதே முக்கால் லிட்டர் பிடித்தது. திரை இருபத்து மூன்று என்று காட்டிக்கொண்டிருந்தது.

வந்து என் கடை முன்னால் இறங்கினார்கள். டிரைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள்தான் பேசினாள். "டேங்க்குல கை வச்ச திருடன் யாரும் இல்லண்ணா. அந்த டப்பா பொய் சொல்லுது."

மறுநாள் மூவருமாக ஷெட்டுக்குப் போனோம். லேப்டாப்காரன் எங்களைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. அவள் கேட்டதும், ஏதோ தினமும் சொல்கிற சமாசாரம் போலச் சொன்னான்.

"அந்தக் கம்ப்யூட்டர் டீசல அளந்து பாக்கறது இல்லம்மா. எஞ்சினுக்குள்ள டீசலப் பீச்சற ஊசி எவ்வளவு நேரம் திறந்திருந்துச்சுன்னு கணக்குப் போட்டுத்தான் காட்டும். நாங்க டீசல் வர்ற அழுத்தத்த ஏத்தியிருக்கோம். அதே நேரத்துல அதிகமா உள்ள போகும். அதிகமாப் போறது அதுக்குத் தெரியாது. பழைய கணக்கையே போட்டுட்டிருக்கும்."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"யாரும் கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வேணும்னா அதையும் சரியா எழுதித் தரச் சொல்லலாம். அதுக்கு ஃபைல் எழுதறவரு தனியாக் கேப்பாரு."

டிரைவர் ஒரு அடி முன்னால் வந்தார். "டீசல் கொறையும்னு சொன்னியேடா."

"கொறையலாம்னு சொன்னேன். நீங்களே சொல்லுங்க, ஏத்தத்துல நிக்காமப் போகுதா இல்லையா? அதுக்குத்தானே வந்தீங்க?"

வண்டி நிற்காமல்தான் போனது. சூப்பர்வைசரிடமிருந்து ஒரு புகாரும் இல்லை. டீசல் முன்பு எவ்வளவு பிடித்ததோ அவ்வளவுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு செட் முன் டயர் காசுக்கு அது நல்ல வேலைதான் என்று, டயர் விற்கிற நானே மனசாட்சிப்படி ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவன் எங்களை ஏமாற்றியிருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் வெளியே வந்தோம். அங்கிருந்தே ரொட்டி கம்பெனிக்கு விடச் சொன்னாள் தங்கச்சி.

சின்னவன் வேனில் ரொட்டித் தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தான். சூடான ரொட்டி வாசனை தெரு முழுக்க இருந்தது. எங்களைப் பார்த்ததும் கையில் இருந்த தட்டை மட்டும் உள்ளே தள்ளிவிட்டு வந்தான். மெலிந்திருந்தான். முன் டயரைத்தான் முதலில் பார்த்தான். "இன்னும் மாத்தலையா?" என்றான்.

டிரைவர் எதையும் சுற்றி வளைக்கவில்லை. கேன் சமாசாரம் உட்பட நடந்ததை எல்லாம் சொன்னார். "தப்பு என்னோடது மாப்ள. உன்ன அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. என் வாய் அழுகிப் போக" என்றார். நானும் என் பங்கைச் சொல்லிவிட்டேன். கேன் பேச்சை எடுத்தது நான்தான் என்றேன். அவன் என்னைப் பார்த்து, "அது எனக்குத் தெரியும்ணே. உங்களத் தவிர யாரு சொல்லுவா" என்று லேசாகச் சிரித்தான். மாமாவின் தோளில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டான். "விடுங்க மாமா. கேட்டீங்க, பதில் சொன்னேன், நீங்க நம்பல. இப்ப நம்பறீங்க. அவ்வளவுதானே" என்றான். எனக்கு மனசு லேசாயிற்று. இன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

தங்கச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாடா, வீட்டுக்குப் போலாம். அவரு என்ன வேணா நினைச்சிருக்கட்டும். நான் உன்ன ஒரு நாளும் சந்தேகப்படல."

அவன் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அக்கா, நான் குளிக்கப் போறப்ப கழட்டிப் போட்ட சட்டைய எடுத்து மோந்து பாப்ப. ரெண்டு கை மடிப்பையும் பிரிச்சுப் பாப்ப. கதவு இடுக்கு வழியாத் தெரியும். ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல."

அவள் பிடி மட்டும் இறுகியது.

"மாமா என் மூஞ்சிக்கு நேராக் கேட்டாரு. அவருக்குப் பதில் சொல்லிட்டேன். நீ கேக்கவே இல்லையே அக்கா. உனக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?"

உள்ளேயிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். லோடு நேரம் ஆகிவிட்டது என்றான். ஞாயிற்றுக்கிழமை லீவு, முடிந்தால் வருகிறேன் என்றான். முடிந்தால் என்று அக்கா வீட்டைப் பற்றி அவன் சொல்லி நான் கேட்டதில்லை. அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பழையபடி தட்டுகளை ஏற்றப் போனான்.

நாங்கள் திரும்பி வண்டியில் ஏறினோம். டிரைவர் ஓட்டினார், நான் முன்னால் உட்கார்ந்தேன். அவருக்கு இது எதுவும் தெரிந்திருக்கவில்லை என்பது கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் தெரிந்தது. சின்னப் பையன், கோபத்தில் பேசுகிறான், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவான் என்று நான்தான் ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே இருந்தாள்.

"டீசல் வாசனை இல்லண்ணா" என்றாள். "மொத நாளே இல்ல. சோப்பு வாசனையும் வேர்வையும்தான். அப்புறமும் தினமும் எடுத்துப் பாத்தேன்."

டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.